வீட்டு பாரில் அளவு இல்லை

கடை மூடினாலும் பிரிட்ஜ் மூடுவதில்லை. வரவேற்பறையிலேயே மாலை 'பெக்'கை ஊற்றிக்கொள்ளும் நடுத்தர வர்க்கம் குடியைக் குறைக்க முயலும்போது முதலில் கண்டுபிடிப்பது, தான் எவ்வளவு குடிக்கிறோம் என்பதே தனக்குத் தெரியாது என்பதைத்தான்.

புனேயின் கோத்ரூட் பகுதியில் மூன்றாவது மாடி வீடு. மாலை 8 மணி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஐஸ் டிரேயில் தண்ணீர் நிரப்பி பிரிட்ஜில் வைக்கிறாள். அதைச் செய்யும்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. அப்பா தேடும்போது ஐஸ் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு மாதிரியான மௌனம் நிலவும் என்பதைத் தெரிந்துகொண்டு அவளாகவே செய்ய ஆரம்பித்து, வழக்கமாகிவிட்டது.

பெயர் வெளியிட விரும்பாத அந்த 47 வயதுத் தந்தை மோட்டார் வாகன உதிரி பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறவர். வீட்டில் அவர் கத்துவதில்லை. கை ஓங்குவதில்லை. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. அதனாலேயே அந்த வீட்டில் இதை யாரும் பிரச்சினை என்று அழைத்ததில்லை.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனைதான் அழைத்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். இரண்டு பெக், அதுவும் தினமும் இல்லை என்று பதில் வந்தது. டாக்டர் வாதம் செய்யவில்லை. கடையில் விற்கும் 30 மில்லி அளவுக் குப்பியை வாங்கிக்கொள்ளும்படியும், வழக்கம்போல் கிளாஸில் ஊற்றிவிட்டு, குடிப்பதற்கு முன் அதை அளந்து ஒரு வாரம் நோட்டில் எழுதும்படியும் சொன்னார்.

நோட்டு வேறு கதை சொன்னது. அவருடைய ஒரு 'பெக்' 90 மில்லி. இரண்டு பெக் என்பது 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டர். 'தினமும் இல்லை' என்பது ஏழு நாளில் ஐந்து நாள். வாரத்துக்கு 900 மில்லி விஸ்கி. ஒரு முழு பாட்டிலின் கொள்ளளவே 750 மில்லிதான். தொழிற்சாலையில் எதையும் அளக்காமல் விடாத மனிதர், இருபது வருடமாக இதை மட்டும் கண்ணால் அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

இந்தியாவில் குடியைப் பற்றிய விவாதம் எப்போதுமே வீட்டுக்கு வெளியில் நடப்பது. மதுவிலக்கா, வருவாயா, கடையை எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று அரசாங்கமும் எதிர்க்கட்சிகளும் மோதிக்கொள்வது அங்கேதான். சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் கூலித் தொழிலாளிதான் அந்த விவாதத்தின் நிரந்தரச் சித்திரம். கதவைச் சாத்திக்கொண்டு, டிவி செய்திக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் குடிக்கும் சம்பளக்காரர் அந்தச் சித்திரத்தில் இடம்பெறுவதே இல்லை. தன்னை அதில் வைத்துப் பார்க்க அவரும் தயாராக இல்லை.

பாருக்குப் பதில் பால்கனி

ஒரு தலைமுறைக்கு முன்பு பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்களில் வீட்டில் குடிப்பது என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். குடிப்பவர் வெளியே குடித்துவிட்டு, பாக்கு மென்றபடி, யாரும் எதிர்ப்படாத நேரத்தில் வீடு திரும்புவார். இன்று நிலைமை தலைகீழ். பாரில் கொடுக்கும் விலையில் வீட்டில் இரண்டு மடங்கு குடிக்கலாம். போலீஸ் பயமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்தபோது குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு முன் அது 2,000 ரூபாய். பொறுப்பான குடிமகன் இப்போது வீட்டிலேயே குடிக்கிறார். சாலைக்கு அது நல்லது. கல்லீரலுக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

இந்த மாற்றத்துக்கு முத்திரை குத்தியது 2020. மார்ச் 25 அன்று தொடங்கிய பொது முடக்கத்தில் நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டன. மே 4 அன்று பல மாநிலங்களில் திறந்தபோது கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்றது. கூட்டத்தைக் குறைக்க டெல்லி அரசு மறுநாளே 70 சதவீத 'சிறப்பு கொரோனா கட்டணம்' விதித்தது. ஜூன் மாதம் அதை விலக்கிக்கொண்டது. சத்தீஸ்கர், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்கள் வீட்டுக்கே மது கொண்டுவந்து கொடுக்க அனுமதித்தன. பார்களுக்குப் பூட்டு போடப்பட்டிருந்த அந்த மாதங்களில் குடிக்க ஒரே இடம் வீடுதான். பலருக்கு அந்தப் பழக்கம் பூட்டு திறந்த பிறகும் போகவில்லை.

வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. அந்தச் சட்டம் தாராளமானது. டெல்லியில் 25 வயது நிரம்பிய ஒருவர் 9 லிட்டர் விஸ்கி, ரம், ஜின், வோட்கா வகைகளும் 18 லிட்டர் பீர், ஒயின் வகைகளும் வைத்திருக்கலாம். ஒரு வீட்டில் 132 பாட்டில்கள் பிடிபட்ட வழக்கு 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, அங்கே 25 வயதைத் தாண்டிய ஆறு பேர் வசிப்பதால் அளவு மீறப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. உத்தரப் பிரதேசமோ 2021இல் இதிலும் வருவாய் கண்டது. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் வீட்டில் வைத்திருக்க வருடத்துக்கு 12,000 ரூபாய் கட்டணம், 51,000 ரூபாய் வைப்புத்தொகை என்று உரிமம் கொண்டுவந்தது. அலமாரியில் எவ்வளவு இருக்கலாம் என்று அரசாங்கம் சொல்கிறது. கிளாஸில் எவ்வளவு என்பது அவரவர் கணக்கு.

அந்தக் கணக்குதான் தப்புகிறது. இந்தியாவில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீத ஆல்கஹால் கொண்டவை. 30 மில்லி 'ஸ்மால்' ஒன்றில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 60 மில்லி 'லார்ஜ்' என்றால் 20 கிராம். ஒரு குவார்ட்டரில் 60 கிராம். 'நான் பீர் மட்டும்தான்' என்பவரின் கணக்கும் இதே கதைதான். 650 மில்லி பாட்டிலில் 5 சதவீத பீர் இருந்தால் ஏறக்குறைய 25 கிராம். அதுவே 8 சதவீத 'ஸ்ட்ராங்' பீராக இருந்தால் 41 கிராம், அதாவது நான்கு ஸ்மால். கிளாஸின் உயரமும் நுரையும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் வெளியேற்றுவது ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான். இரவு 11 மணிக்குக் குவார்ட்டரை முடித்துப் படுப்பவரின் உடலில் விடியற்காலையிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். மோர், எலுமிச்சம்பழம், கறுப்புக் காப்பி, குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. நன்றாகத் தூங்குவதற்காகக் குடிக்கிறேன் என்ற வாதமும் நிற்பதில்லை. மது சீக்கிரம் தூக்கத்தில் ஆழ்த்தும். ஆனால் பின்னிரவில் அதே மதுதான் தூக்கத்தைக் கலைக்கும்.

மறைந்திருக்கும் கோடிகள்

குடிப்பவர்கள் எத்தனை பேர் என்பதில் நாட்டின் இரண்டு பெரிய ஆய்வுகள் ஓரளவு தெளிவு தருகின்றன. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வின்படி 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். குடிக்கும் ஒரு பெண்ணுக்கு 17 ஆண்கள். இவர்களில் 5.7 கோடிப் பேருக்கு அந்தக் குடி தீங்கு செய்கிறது அல்லது அவர்களை அடிமையாக்கியிருக்கிறது. அடிமையானவர்கள் மட்டும் 2.9 கோடி. அவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது.

மற்ற 37 பேர் எங்கே? பெரும்பாலும் வீட்டில். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கணவர் குடிக்காத வீடுகளில் 23 சதவீதப் பெண்கள் அவரிடம் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் வீடுகளில் அது 70 சதவீதம். 23 சதவீதம் என்பதே வெட்கப்பட வேண்டிய எண். ஆகவே குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே எரியும் அடுப்பில் அது எண்ணெய் ஊற்றுகிறது.

கை ஓங்காத, கத்தாத குடிகாரரும் தப்பிவிடுவதில்லை. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே சேர்த்தது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு வகைப் புற்றுநோய்களுடன் அதற்குத் தொடர்பு உண்டு. இந்த அளவுவரை பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டவட்டமாக அறிவித்தது. 'தினமும் கொஞ்சம் இதயத்துக்கு நல்லது' என்ற, குடிப்பவர்கள் மிகவும் விரும்பும் மருத்துவ ஆலோசனை அத்தோடு செல்லாக்காசாகிவிட்டது.

நல்ல செய்தியும் உண்டு. கல்லீரலில் கொழுப்பு படியும் ஆரம்ப கட்டத்தில் குடியை நிறுத்தினால், சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்குகிறது. சிரோசிஸ் கட்டத்தை எட்டிய பிறகு அந்தச் சலுகை பெருமளவு இல்லை. ஒருவர் எந்தக் கட்டத்தில் கணக்குப் பார்க்க உட்காருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோவா தந்த பாடம்

குடியை நிறுத்த மனநல மருத்துவர் வேண்டும், மறுவாழ்வு மையம் வேண்டும், மாதக்கணக்கில் விடுப்பு வேண்டும் என்பதுதான் பொதுவான எண்ணம். அடிமையாகாத, ஆனால் தீங்கான அளவில் குடிப்பவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை என்று கோவாவில் நடந்த ஒரு சோதனை காட்டியது.

'சங்காத்' என்ற தொண்டு நிறுவனம், மனநல நிபுணர் விக்ரம் படேல் உள்ளிட்டோர் வழிநடத்த, கோவாவின் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை நடத்தியது. காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் வந்த ஆண்களிடம் உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கேட்கப்பட்டன. தீங்கான குடி என்று தெரியவந்த 377 பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அத்துடன் கூட நான்கு அமர்வுகள்வரை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் அல்ல. மனநலத் துறையில் பட்டம் பெறாத, இதற்கென்று பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள்.

அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. அவருடைய குடி அவரை என்ன செய்கிறது என்பதை அவருடைய கணக்கிலிருந்தே எடுத்துக்காட்டினார்கள். எந்த நேரத்தில், யாருடன், என்ன மனநிலையில் கை கிளாஸுக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க உதவினார்கள். நண்பர் ஊற்றிக் கொடுக்கும்போது எப்படி மறுப்பது, வேட்கை எழும் அந்தச் சில நிமிடங்களை எப்படிக் கடப்பது, தவறி விழுந்தால் எப்படி எழுவது என்று பழக்கினார்கள்.

2017இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வந்தன. மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான கட்டத்திலிருந்து மீண்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 26 சதவீதம். கடைசி 14 நாட்களில் ஒரு சொட்டுகூடத் தொடாதவர்கள் ஆலோசனைப் பிரிவில் 42 சதவீதம். மற்றதில் 18 சதவீதம். ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்தது.

ஆனால் அதே சோதனையில் இன்னொரு முடிவும் இருந்தது. தொடர்ந்து குடித்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்கள் ஒரு நாளில் குடித்த அளவில் இரண்டு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வீட்டில் மனைவி மீதான வன்முறையிலும் வித்தியாசம் தெரியவில்லை. பலன் பெற்றவர்களில் பெரும்பாலோர் 'கொஞ்சமாக'க் குடித்தவர்கள் அல்ல, குடிக்காமலே இருந்தவர்கள். மூன்றாவது பெக்கை மறுப்பதைவிட முதல் பெக்கை மறுப்பது சுலபம் என்பது வீட்டில் முயன்று பார்த்த பலரும் சொல்லும் அனுபவம். முதல் பெக் உள்ளே போனதும், மறுக்க வேண்டிய ஆளே மாறிவிடுகிறார்.

வீட்டில் செய்ய வேண்டியது

குறைக்க விரும்புபவர்களுக்கு ஆலோசகர்கள் சொல்லும் வழிகளில் மந்திரம் எதுவும் இல்லை. முதலாவது, அளந்து எழுதுவது. புனே மேலாளர் செய்ததைப்போல ஒரு வாரம் எழுதினாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும். இரண்டாவது, வீட்டில் இருப்பு வைக்காமல் இருப்பது. காலாந்தின விடுமுறையான அக்டோபர் 2க்கும் ஆகஸ்ட் 15க்கும் முந்தைய நாள் மாலை கடை வாசலில் நிற்கும் கூட்டம், இருப்பு இல்லை என்ற எண்ணமே எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதற்குச் சாட்சி. முழு பாட்டில் விலையில் மலிவு. ஆனால் திறந்த பாட்டில் தீரும்வரை அலமாரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, நாளைக் குறிப்பது. 'குறைத்துக்கொள்கிறேன்' என்ற உறுதிமொழியைச் சரிபார்க்க முடியாது. 'திங்கள் முதல் வியாழன்வரை கிடையாது' என்பதைச் சரிபார்க்கலாம். ஆனால் விட்ட நான்கு நாளின் பாக்கியையும் சேர்த்து வெள்ளிக்கிழமை குடித்தால் கணக்கு பழையபடியே ஆகிவிடும். ஒரே மூச்சில் அதிகமாகக் குடிப்பதில் விபத்தும் ரத்த அழுத்தமும் கூடுதல் ஆபத்து. நான்காவது, சாப்பாட்டை முன்னால் கொண்டுவருவது. இந்தியர்களில் பலர் வெறும் வயிற்றில் குடித்துவிட்டுக் கடைசியில் சாப்பிட்டுப் படுப்பவர்கள். ஏழரை மணிக்கே சாப்பாடு முடிந்துவிட்டால் எட்டு மணி வேட்கைக்குப் பாதி பலம் போய்விடும்.

ஐந்தாவதுதான் கஷ்டமானது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வேறு என்ன செய்வது? குடி என்பது பலருக்கு ருசி அல்ல, அலுவலகம் முடிந்து வீடு தொடங்குவதற்கான மணி. அந்த மணியை அடிக்க வேறு ஒன்று வேண்டும். நடைப்பயிற்சி, காய்கறி வாங்கி வருவது, பிள்ளையின் கணக்குப் பாடம், எதுவாகவும் இருக்கலாம். வெறும் நாற்காலியும் டிவியும் மட்டும் மிச்சமிருந்தால் கிளாஸும் திரும்பி வந்துவிடும்.

அப்புறம் நண்பர்கள். மும்பையோ போபாலோ, வீட்டு விருந்தில் தண்ணீர் கிளாஸுடன் நிற்பவரை யாரும் சும்மா விடுவதில்லை. 'ஒண்ணே ஒண்ணு' என்ற வற்புறுத்தலுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் சொன்னால் அது பேரம் ஆகிவிடும். மாத்திரை சாப்பிடுகிறேன், இன்று இல்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது நல்லது என்கிறார்கள் ஆலோசகர்கள்.

தனியாக நிறுத்தக்கூடாதவர்கள்

இந்த யோசனைகள் எல்லோருக்கும் பொருந்தாது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? நடுக்கம் நிற்கவே ஒரு மடக்கு தேவைப்படுகிறதா? குடிக்காத நாளில் வியர்வையும் குமட்டலும் தூக்கமின்மையும் வருகிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா? ஆம் என்றால் அவர் வீட்டில் வைராக்கியத்தின் பலத்தில் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.

நீண்ட நாள் அதிகமாகக் குடித்த உடல் திடீரென்று மது கிடைக்காவிட்டால் கலகம் செய்கிறது. முதல் நாளிலேயே நடுக்கமும் பதற்றமும் தொடங்கும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகளும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரியும். காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்ளும். 'டெலிரியம் டிரெமென்ஸ்' எனப்படும் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து மந்திரவாதியிடம் ஓடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்து, பெரும்பாலும் ஒரு வாரத்தில் இந்தக் கட்டத்தைக் கடக்கச் செய்துவிட முடியும்.

2020 இதை நாட்டுக்கே பாடமாகக் காட்டியது. கேரளத்தில் கடைகள் மூடிய சில நாட்களிலேயே மது கிடைக்காத விரக்தியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. டாக்டர் சீட்டின் பேரில் மது வழங்கலாம் என்று மாநில அரசு ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் ஆணையை நிறுத்திவைத்தது. ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டம் குரிச்சேடுவில் ஜூலை கடைசியில், மதுவுக்குப் பதில் கை சுத்திகரிப்பானைக் குடித்துக் குறைந்தது 10 பேர் இறந்தார்கள்.

இன்னொரு ஆபத்து அன்பின் பெயரால் நடப்பது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து குடியை நிறுத்தலாம் என்று சுவர் விளம்பரங்கள் ஊருக்கு ஊர் உண்டு. குடியை வெறுக்கச் செய்யும் டைசல்பிராம் மாத்திரை உண்மையான மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிட்டிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். அது நோயாளியின் சம்மதத்துடன், டாக்டரின் கண்காணிப்பில் மட்டுமே தரப்பட வேண்டியது. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும்.

உதவி தேடுபவர்களுக்கு வழிகள் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸின் காஜியாபாத் மையம், 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய சென்னை டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை ஆகியவை இத்துறையில் முன்னோடிகள். 1957 முதல் இந்தியாவில் இயங்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களில் கட்டணம் இல்லை, பெயரும் கேட்பதில்லை. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கான 'டெலி-மனஸ்' எண் 14416, இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

போலீஸ்காரர் ஆன மனைவி

கணவர் குறைக்கிறேன் என்று சொன்ன அடுத்த நிமிடம், எல்லா வீட்டிலும் மனைவிக்குப் புது உத்தியோகம் கிடைக்கிறது. பாட்டிலில் கோடு போட்டுவைப்பது, மூச்சை மோந்து பார்ப்பது, ஒளித்துவைப்பது, சிங்கில் கொட்டுவது. கோத்ரூட் வீட்டிலும் அதுதான் நடந்தது. மனைவி பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்தார். கணவர் கண்டுபிடித்தார். இருபது வருட மண வாழ்க்கையில் அந்த வீட்டில் அவ்வளவு பெரிய சண்டை நடந்ததில்லை. அன்று அவர் குடித்தது வழக்கத்தைவிட அதிகம்.

ஒருவர் காவல் காக்க, மற்றவர் ஏமாற்றும் ஆட்டத்தில் குடியைப் பற்றிய பேச்சே காணாமல் போய்விடுகிறது. கணவர் சார்பில் அலுவலகத்துக்கு 'காய்ச்சல்' என்று போன் செய்வதும் அவரது கடனை அடைப்பதும் குடிக்குத்தான் உதவி செய்கின்றன. போதை தெளிந்த காலை நேரத்தில், நடந்ததை மட்டும், நேற்று இது நடந்தது, எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வதற்கு அதைவிட வலு அதிகம். அடிதடி உள்ள வீட்டில் இந்த அறிவுரைக்கு இடமே இல்லை. அங்கே முதல் கேள்வி குடியல்ல, பெண்ணின், பிள்ளைகளின் பாதுகாப்பு.

பெண்கள் இந்தச் சண்டையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோன வரலாறும் இந்தியாவுக்கு உண்டு. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் 1992இல் தொடங்கிய சாராய எதிர்ப்பு, மாநிலம் முழுவதும் பரவி 1993இல் சாராயத்துக்குத் தடை வாங்கியது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் அரசு முழு மதுவிலக்கே கொண்டுவந்தது. 1997இல் அது தளர்ந்துபோனது. ஹரியானா 1996இல் மூடியதை 1998இல் திறந்தது. குஜராத்தும், 2016 முதல் பீகாரும் விலக்கைத் தொடர்கின்றன. அரசாங்கங்கள் திறக்கும், மூடும். அதற்காகக் காத்திருக்க முடியாத வீடுகள் தங்கள் சட்டத்தைத் தாங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கோத்ரூட் வீட்டின் சட்டம் இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருக்கிறது. அளந்து குடிப்பது என்று தொடங்கிய முதல் மாதம் தோல்வி. 30 மில்லி குப்பி எத்தனை முறை நிரம்பியது என்பதே பத்து மணிக்கு மேல் அவருக்கு மறந்துபோனது. பிறகு வார நாட்களில் அறவே கிடையாது என்றும், வீட்டில் பாட்டில் கிடையாது என்றும் மாற்றிக்கொண்டார். மாலை 8 மணிக்கு மனைவியும் அவரும் நடக்கப் போகிறார்கள். முதல் வாரம் அவர் பேசவே இல்லையாம். நாசிக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போன மூன்று நாள் நோட்டில் காலியாக இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருந்ததாக அவர் ஒப்புக்கொள்கிறார். திரும்பி வந்த திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் எழுதுகிறார். அடுத்த ஸ்கேன் வரும் மாதம்.

மகள் இப்போதும் ஐஸ் டிரேயை நிரப்பி வைக்கிறாள். பழக்கம். கோடைக்காலத்தில் கோகம் சர்பத்துக்கு உதவுகிறது. எட்டு மணி ஆனதும் அப்பா செருப்பை மாட்டுகிறாரா, பிரிட்ஜ் பக்கம் போகிறாரா என்று ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவள் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பழக்கம் போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.